பியூஸே போகாத வீடு

"இந்த வீட்ல பியூஸ் போய் நான் பார்த்ததே இல்ல" என்று பெரியப்பா சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். வீட்டைக் கட்டியவருக்கும், வயரிங் செய்தவருக்கும், கொஞ்சம் தனக்கும் சேர்த்து அவர் கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ் அது. பழைய வீடுகளில் வளர்ந்தவர்கள் பலரும் இப்படி ஒரு பேச்சைக் கேட்டிருப்பார்கள். அந்தக் காலத்து வேலை, அந்தக் காலத்து வயர், இப்போ வர்றதெல்லாம் ஒரு சாமானா என்று அது அப்படியே நீளும். முழு வீட்டுக்கும் புது வயரிங் போடலாம் என்று பேச்சு வந்தபோது பெரியப்பா எடுத்துவைத்த முதல் வாதமும் இதுதான். பியூஸே போகாத வீட்டுக்கு எதற்கு ரிப்பேர்?

பார்வையிட வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் அதிகம் பேசாத ஆள். மெயினை அணைத்துவிட்டு, பீங்கான் பியூஸ் கட்டையை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். பியூஸ் கம்பி இருக்கவேண்டிய இடத்தில், ஏதோ பழைய வயரிலிருந்து உரித்த செம்பு இழைகளை முறுக்கித் திருகியிருந்தார்கள். "இது போறதுக்குள்ள வீடே போயிடும் தம்பி" என்றார். பெரியப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். பதில் சொல்லவில்லை, ஆனால் ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை.

அந்த முறுக்கின் கதை எனக்குப் பிறகுதான் புரிந்தது. 5 ஆம்பியர் பியூஸ் கம்பி என்பது வெள்ளீயம் பூசிய 0.2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி. 15 ஆம்பியருக்கு 0.5 மில்லிமீட்டர். சாதாரண நெகிழ் வயருக்குள் இருக்கும் ஓர் இழையும் ஏறக்குறைய அதே 0.2 மில்லிமீட்டர்தான். ஆகவே கடைக்குப் போக நேரமில்லாமல் யாரோ ஒற்றை இழையைப் போட்டிருந்தால் பெரிய குற்றமில்லை. அது இஸ்திரிப் பெட்டி போட்ட நாளில் போயிருக்கும். அடுத்த முறை இரண்டு இழை. அதுவும் போனதும் நான்கு. இனிமேல் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று யாரோ ஒரு நாள் முடிவுகட்டி, கைக்கு வந்த இழைகளையெல்லாம் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். அதன்பிறகு பியூஸ் போகவே இல்லை. பெரியப்பாவின் பெருமை அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

மின்சாரம் நின்றுபோனால் அதைப் பழுது என்கிறோம், நிற்காமல் ஓடினால் நல்ல வயரிங் என்கிறோம். எனக்கு இந்தக் கணக்கு வயரிங் வேலை முடிந்து வெகுகாலம் ஆன பின்பும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் புது வயரிங் போட்ட வீடுகளிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. செம்பு முறுக்குக்குப் பதிலாகப் பெரிய எம்சிபி (லோடு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), அவ்வளவுதான் வித்தியாசம்.

மெலிந்த இடம் எங்கே

வயரில் மின்னோட்டம் இரட்டிப்பானால் சூடு இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. பள்ளியில் படித்த சூத்திரம்தான். ஆனால் சுவருக்குள் ஓடும் வயரை நினைத்துக்கொண்டு அதை யாரும் படித்திருக்க மாட்டோம். பழைய வீட்டின் வயரிங், சில குண்டு பல்புகள், ஓரிரண்டு மின்விசிறிகள், ஒரு ரேடியோ என்று கணக்கிட்டுப் போடப்பட்டது. 230 வோல்ட்டில் 60 வாட் பல்பு கால் ஆம்பியர்தான் இழுக்கும். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், 3000 வாட் என்றால் 13. பல்புக்காகப் போட்ட ஒரு சதுர மில்லிமீட்டர் வயரின் வழியில் எங்கோ ஒரு பிளக் பாயிண்ட் எடுத்து, அதில் ஹீட்டரைச் செருகி, அதே வரிசையில் இஸ்திரிப் பெட்டியையும் போட்டால், அந்த வயர் என்ன பாடுபடும் என்பது வெளியே தெரியாது. சுவர் சுடாது, விளக்கு அணையாது. உள்ளே இன்சுலேஷன் மட்டும் வருடக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும். இன்று சாதாரணமாக வரும் பிவிசி வயரின் தாங்கும் வெப்பமே 70 டிகிரி செல்சியஸ்தான். அதைத் தாண்டினால் உடனே எரிந்துவிடாது, ஆயுள் வேகமாகக் குறையும்.

ஒரு சர்க்யூட்டில் தாங்க முடியாத லோடு வந்தால் ஏதோ ஓர் இடம் தோற்றுத்தான் ஆகவேண்டும். அந்த இடம் எது என்பதை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, கண்ணுக்குத் தெரிகிற, கை எட்டுகிற, தீப்பிடிக்காத ஒரு பெட்டிக்குள் வைக்கிறோம். அதற்குப் பெயர்தான் பியூஸ், இப்போது எம்சிபி. அதை வலுவாக்கினால் பலவீனம் காணாமல் போவதில்லை, சுவருக்குள் இடம் மாறிவிடுகிறது. எம்சிபி இருப்பது ஏசியையோ கீசரையோ காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்ற இருக்கிறது. அதனால் எம்சிபி எத்தனை ஆம்பியர் என்பதைப் பொருளின் லோடு மட்டும் தீர்மானிக்க முடியாது. பொருளின் லோடுக்கு ஏற்ற வயர், அந்த வயருக்கு ஏற்ற எம்சிபி என்ற வரிசையில்தான் போகவேண்டும்.

"16 அடிக்கடி டிரிப் ஆகுது, 32 போட்டுட்டேன், இப்போ பிரச்சினை இல்ல" என்று நண்பர் ஒருவர் சொன்னபோது அவர் முகத்தில் நான் பார்த்தது அதே பெரியப்பா பெருமை. 32 ஆம்பியர் எம்சிபி 32-ஐத் தொட்டதும் விழுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தர விதிப்படி அது 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்கவேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழவேண்டும். அதாவது 46 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை அது பேசாமல் இருக்கலாம். பின்னால் இருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு சொன்னாலும், எம்சிபி சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. தளர்ந்த ஜாயிண்ட்டை எம்சிபியால் பார்க்கவே முடியாது. முறுக்கி டேப் சுற்றிய ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 13 ஆம்பியர் கீசர் ஓடினால், அந்த ஒரே புள்ளியில் 17 வாட் சூடு. ஈயத்தை உருக்கும் சாலிடரிங் அயர்னே 25 வாட்டில் கிடைக்கிறது. மரப்பெட்டிக்குள், பழைய டேப்புக்குள் 17 வாட் தினமும் அரை மணி நேரம். மின்னோட்டம் அளவுக்கு மீறவில்லை, ஆகவே எம்சிபிக்கு அது நியாயமான லோடு. பழைய வீடுகளில் வயரைவிட ஜாயிண்ட்டுகளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஒவ்வொரு புதுப் பொருள் வந்தபோதும் ஒரு ஜாயிண்ட் சேர்ந்திருக்கும். யார் போட்டார், எங்கே போட்டார் என்பதற்கு எந்தக் கணக்கும் இருக்காது.

முகம் மட்டும் புதுசு

முழு வயரிங்கையும் மாற்றுவது என்பது வீட்டைப் பாதி இடிப்பது மாதிரியான வேலைதான், அதில் சந்தேகமில்லை. சுவரில் காடி வெட்டவேண்டும், தூசி, பூச்சு வேலை, மறுபடி பெயிண்ட். இத்தனை செலவும் கடைசியில் சுவருக்குள் போய்விடும், வருகிறவர்கள் யாரும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போவதில்லை. அதனால்தான் பெரும்பாலான வீடுகளில் மேம்பாடு ஸ்விட்ச்சோடு நின்றுவிடுகிறது. கறுப்புக் குமிழ் ஸ்விட்ச்சுகள் போய் பளபளக்கும் பட்டைகள் வருகின்றன, பியூஸ் போர்டு போய், எம்சிபிகள் வரிசையாக இருக்கும் புதுப் பெட்டியான டிபி வருகிறது, இரண்டுக்கும் நடுவே ஓடுவது அதே பழைய வயர்.

எங்கள் வீட்டிலும் அந்த யோசனை வந்தது. ஒரு போர்டைத் திறந்து பார்த்ததும் போய்விட்டது. பழைய ரப்பர் இன்சுலேஷன் வயர், அசைக்காமல் விட்டிருந்தவரை முழுசாகத்தான் இருந்தது. புது ஸ்விட்ச்சில் மாட்டுவதற்காக வளைத்ததும் இன்சுலேஷன் உதிர்ந்து பெட்டிக்குள் கொட்டியது. பல்பு ஹோல்டர்களுக்கு மேலே, சூடு அதிகம் பட்ட இடங்களில், இன்னும் மோசம். அசைக்காமல் இருப்பதால் மட்டும் தப்பித்துக்கொண்டிருந்த வயர் அது. ஸ்விட்ச்சை மட்டும் மாற்றுவதென்றால் அதை ஒவ்வோர் இடத்திலும் அசைத்தாகவேண்டும். பாதி வேலை எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மோசமாகும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

அலுமினிய வயர் இருக்கும் வீடுகளுக்கு இது இன்னொரு விதத்தில் பொருந்தும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு படலம் மின்சாரத்தைத் தடுக்கும், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் உலோகம் மெல்ல நெகிழ்ந்து பிடி தளரும். அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரையிலான காலத்தில் செம்பு விலை ஏறியதால் ஏராளமான வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள், பிறகு பல ஆண்டுகள் அதன் இணைப்புகளோடு மல்லுக்கட்டினார்கள். செம்புக்கென்று செய்த புது ஸ்விட்ச்சில் அலுமினிய வயரை நேரடியாக மாட்டுவது, பழைய ஸ்விட்ச்சை அப்படியே விடுவதைவிட ஆபத்து.

புது வீட்டில் வந்த தொல்லை

கடைசியில் வயரிங் முழுவதும் மாறியது. முழுவதும் என்றால், பின்பக்கக் குளியலறையைத் தவிர. அந்தச் சுவரில் புதிதாக ஓடு பதித்திருந்தார்கள், உடைக்க மனசில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். அந்த ஒரு பழைய லைனை மட்டும் புது டிபியில் ஓர் எம்சிபி கொடுத்து இணைத்தார்கள். டிபியில், மின்சாரம் கசிந்தால் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் வந்தது.

அன்றிலிருந்து வீட்டில் கரண்ட் போக ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் ஏசி, விளக்குகள், வாஷிங் மெஷின் என்று எல்லாம் ஓடும் நேரம் பார்த்து பட்டென்று மொத்த வீடும் இருட்டாகும். தூக்கிவிட்டால் சில நேரம் நிற்கும், சில நேரம் நிற்காது. எந்தப் பொருளின் மீது பழி போடுவது என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எல்லாமே நல்லதாக இருந்தன. பெரியப்பா நேரடியாகவே சொன்னார்: "காசைக் கொடுத்து தொல்லைய வாங்கினோம்." அவசரத்துக்கு அழைத்த இன்னோர் எலக்ட்ரீசியன், டிபியைப் பார்த்த உடனேயே, "இது இப்படித்தான் சார் படுத்தும். ஒரு லூப் அடிச்சு விட்டுடட்டுமா?" என்று கேட்டார். இரண்டு துண்டு வயரில் ஆர்சிசிபியைத் தாண்டி வேலையை முடித்துவிடலாம். வீட்டில் பெரும்பான்மை அதற்குத் தயாராகவே இருந்தது. பழைய எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பார்க்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கொஞ்சம் திட்டும் வாங்கினேன்.

ஆர்சிசிபி செய்வது எளிமையான வேலை. மின்சாரம் வரும் ஃபேஸும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் ஒரே காந்த வளையத்தின் வழியாகப் போகின்றன. போன அளவு திரும்பி வந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும், வளையம் சும்மா இருக்கும். திரும்பி வருவதில் குறைந்தால், அந்தக் குறைவு வேறு எங்கோ, ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக, தரைக்குப் போகிறது என்று அர்த்தம். வளையத்தில் சுற்றிய மூன்றாவது சுருளில் மின்சாரம் பிறந்து பொறியை விடுவிக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கு 0.3 வினாடிக்குள் துண்டித்தாகவேண்டும். சார்லஸ் டால்சீல் என்ற கலிபோர்னியா பேராசிரியர் தன்னார்வலர்களை வைத்துச் செய்த சோதனைகளில், பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற எல்லை சராசரியாக ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று அளந்தார். ஆம்பியர் அல்ல, மில்லி ஆம்பியர். 6 ஆம்பியர் எம்சிபிகூட இந்த அளவுகளை ஏறெடுத்தும் பார்க்காது.

அண்ணன் வந்தார். முதலில் எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார், அதில் எதுவும் பிடிபடவில்லை. குளியலறை எம்சிபி அணைந்திருக்கும்போதும் டிரிப் ஆனது. பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நியூட்ரல் கட்டையிலிருந்து ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றினார். வீட்டு எம்சிபி பெரும்பாலும் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் எப்போதும் இணைந்தேதான் இருக்கும் என்றார். பின்பக்கக் குளியலறையின் நியூட்ரலைக் கழற்றியதும் டிரிப் நின்றது. எல்லா லோடும் ஓடியது, அசையவில்லை.

குளியலறை சாக்கெட்டைத் திறந்தார். மூன்று முனை சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து நியூட்ரல் முனைக்கு விரல்நீளத் துண்டு வயர் ஒன்று போயிருந்தது. அந்தப் பக்கத்துக்கு எர்த் வயரே வரவில்லை. கீசர் வாங்கியபோது மூன்று முனை சாக்கெட் தேவைப்பட்டிருக்கிறது, எர்த் எங்கே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள், இன்னொருவர் இப்படிக் கொடுத்துவிட்டிருக்கிறார். ஃபேஸுக்கும் எர்த் முனைக்கும் நடுவே டெஸ்ட் விளக்கை வைத்தால் பளிச்சென்று எரியும், "எர்த் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கீசரின் உலோக உடல் எர்த் முனையோடு, எர்த் முனை நியூட்ரலோடு, உடல் இரும்புத் தண்ணீர்க் குழாயோடு. சாயங்காலம் லோடு கூடும்போது வீட்டு நியூட்ரல் தரையைவிட ஓரிரு வோல்ட் மேலே ஏறும். அப்போது திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு கீசர் உடல் வழியாகக் குழாய்க்கும், குழாய் வழியாக மண்ணுக்கும் போனது. ஆர்சிசிபி பிடித்தது அதைத்தான்.

இது ஆர்சிசிபி வந்த பிறகு உண்டான கோளாறு இல்லை. கீசர் மாட்டிய நாளிலிருந்து அப்படித்தான் ஓடியிருக்கிறது. டிபிக்கும் குளியலறைக்கும் நடுவே அந்த நியூட்ரலில் ஒரே ஒரு ஜாயிண்ட் விட்டுப்போயிருந்தால், கீசர் ஓடும் நேரத்தில் ஹீட்டர் சுருள் வழியாக 230 வோல்ட் வரை அதன் உடலுக்கும் குழாய்க்கும் ஏறியிருக்கும். ஈரக் கையோடு குழாயைத் திறப்பவர் யார் என்பதுதான் மீதிக் கேள்வி. எந்த பியூஸும் போயிருக்காது. பெரியப்பா அந்தத் துண்டு வயரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷம் குளிச்சிருக்கோம்" என்றார். ஓடு உடைக்க அவர்தான் முதலில் சரி என்றது.

எர்த் என்ற நம்பிக்கை

எர்த் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும், ஆர்சிசிபி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தனிக் குழியில் எர்த் போட்டிருக்கும் வீட்டில் அதன் தடை 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், அது மோசமான எர்த் இல்லை. ஃபேஸ் ஒரு பொருளின் உடலைத் தொட்டால் 230-ஐ 5-ஆல் வகுக்க, அதிகபட்சம் 46 ஆம்பியர் போகும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது மூன்று மடங்குகூட இல்லை, உடனடித் துண்டிப்புக்குப் போதாது. சூடேறி விழச் சில வினாடிகள் ஆகலாம், அரை நிமிடமும் ஆகலாம். அதுவரை அந்த உடலில் மின்னழுத்தம் இருக்கும். எர்த் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எர்த் இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே கசிவு அதன் வழியே ஓடி ஆர்சிசிபியை விழவைக்கும். எர்த் இல்லாவிட்டால் அந்தச் சோதனையை ஓர் ஆள்தான் செய்தாகவேண்டும்.

ஆனால் ஆர்சிசிபி எப்போதுமே நியாயமாகத்தான் விழும் என்றும் சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர், டிவி, எல்இடி டிரைவர் என்று ஒவ்வொன்றின் வடிகட்டியும் கொஞ்சம் கொஞ்சமாக எர்த்துக்குக் கசியவிடும், அது அவற்றின் இயல்பு. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-ஐத் தாண்டியதுமே விழ அனுமதி உண்டு. இத்தனையும் ஒரே ஆர்சிசிபிக்குக் கீழே இருந்தால் மழைநாளில் வெளிவிளக்கின் சிறு கசிவு சேர்ந்ததும் மொத்த வீடும் போய்விடும். கீசர் சுருளுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கக்கூடியது, நெடுநாள் பயன்படுத்தாமல் இருந்தால் அதுவும் கசியும். இதற்கெல்லாம் மருந்து லூப் அடிப்பது இல்லை, பிரிப்பது. ஈரமான இடங்களும் வெளிவிளக்குகளும் ஒன்றில், மற்றவை இன்னொன்றில், ஃபிரிட்ஜ் முடிந்தால் தனியாக. இன்வெர்ட்டர் வகைப் பொருள்கள் நிறைய இருந்தால் ஏ வகை ஆர்சிசிபி கேட்டு வாங்கவேண்டும், மலிவான ஏசி வகை சில கசிவுகளை உணராமல் போகலாம். இங்கே ஏசி என்பது குளிர்சாதனம் இல்லை. கடையில் இந்தக் குழப்பம் தவறாமல் வரும்.

இரண்டாவது சுற்றில் எங்கள் டிபி அப்படித்தான் பிரிந்தது. விளக்குகளுக்கு 1.5, சாக்கெட்டுகளுக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர். பைப்பில் இடம் இருக்கிறது என்று வயர்களைத் திணிக்காமல் பாதிக்கும் கீழே நிறுத்தினார் அண்ணன். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வேகும், பிறகு ஒரு வயர் சேர்த்து இழுக்கவும் முடியாது. பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு லைனையும், இன்சுலேஷனின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரில் சோதிக்கச் சொன்னேன். ஒரு மெகாஓமுக்குக் கீழே போனால் பிரித்துப் போடவேண்டும். எல்லாமே அதற்கு வெகு மேலே காட்டின. காடி திறந்திருந்தபோதே ஒவ்வொரு சுவரையும், மூலையிலிருந்து டேப் வைத்து, படம் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த எம்சிபி எந்த அறை என்று டிபி கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியாயிற்று.

ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பொறி இறுகிப்போகலாம். அந்த வேலையை இப்போது பெரியப்பா எடுத்துக்கொண்டிருக்கிறார். அறிவிப்பு எதுவும் கிடையாது, யார் எந்தக் கோப்பைச் சேமிக்காமல் வைத்திருந்தாலும் சரி.